மேசைக்கு எவ்வளவு?

பொட்டிபுரம் என்ற பெயரைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடையப் போகிறார்கள் என்று பல வருடம் அடிபட்ட ஊர். நியூட்ரினோவை விடுங்கள். அந்த ஊர்ப் பையன் ஒருவன், போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். அவன் கொண்டுவந்து காட்டிய ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

2021 ஆகஸ்டில் ஆன்லைன் ரம்மித் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததல்லவா? அன்றைக்குத் தொடங்கி, அடுத்த வருடம் அக்டோபரில் புதுத் தடை அவசரச் சட்டமாக வரும்வரை, பதினான்கு மாதம் பையன் செல்போனில் ரம்மி ஆடியிருக்கிறான். கணக்குப்பிள்ளை இல்லையா, ஒவ்வொரு ஆட்டத்தையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறான். இரண்டு பேர் ஆட்டம். ஆளுக்கு 500 ரூபாய். எண்ணூறு ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. சரிபாதி ஜெயித்திருக்கிறான், சரிபாதி தோற்றிருக்கிறான்.

அப்படியென்றால் கையில் வைத்த காசு அப்படியே இருக்க வேண்டும்தானே? நாற்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. அக்கா நகை அடகுக்குப் போனது. வீட்டில் இன்றைக்கும் அவனுக்குப் பெயர் சூதாடி.

"எங்கண்ணே போச்சு அந்தக் காசு? நான் தோக்கவே இல்லையே!"

நான் பி.காம். படித்தவன். வாழ்க்கையில் அது பெரிதாக உதவவில்லை. அன்றைக்கு உதவியது. இரண்டு பேர் 500 போட்டால் மேசையில் 1,000. ஜெயித்தவனுக்கு வந்தது 900. நூறு ரூபாய் கம்பெனிக்கு. அதாவது தோற்றால் 500 நஷ்டம், ஜெயித்தால் 400 தான் லாபம். நானூறு வெற்றியில் 1,60,000 வந்தது. நானூறு தோல்வியில் இரண்டு லட்சம் போனது. முடிந்தது கணக்கு. எதிரே உட்கார்ந்து ஆடியவனும் இவனைப் போல் சரிசமமான ஆள் என்றால், அவன் வீட்டிலும் நாற்பதாயிரம் காணோம். இரண்டு பேரும் தோற்ற ஓர் ஆட்டத்தில் ஜெயித்தது யார்?

ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சினிமாக்காரர்களை வைத்து விளம்பரம் போட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன், திறமை விளையாட்டேதான். ஆனால் இந்த மேசையில் முதலுக்கு மோசம் வராமல் எழுந்திருக்க நூறு ஆட்டத்தில் ஐம்பத்தாறு ஜெயிக்க வேண்டும். ஐம்பத்தைந்து ஜெயித்தால்கூட ஐநூறு ரூபாய் கைநஷ்டம். எந்த விளம்பரத்திலாவது அதைச் சொன்னார்களா?

போக்கர் கிளப்புகளில் இந்தப் பங்குக்கு 'ரேக்' என்று பெயர். லாஸ் வேகாஸில் பொதுவாகப் பத்து சதவிகிதம் எடுப்பார்கள். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு நாலைந்து டாலருக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். தர்மசிந்தனை இல்லை, வியாபார புத்தி. ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு உட்காருகிறார்கள் என்று வையுங்கள். ஆட்டத்துக்கு 300 ரூபாய் மேசையில் சேர்கிறது. முப்பது ரூபாய் கிளப்புக்கு. இருநூறாவது ஆட்டம் முடியும்போது ஆறாயிரம் ரூபாயும் கிளப் கல்லாவில் இருக்கும், ஆறு பேரும் பஸ்ஸுக்குக் காசு தேடுவார்கள். நிமிஷத்துக்கு ஓர் ஆட்டம் என்று செல்போன் ஓட்டினால் மூன்று மணி இருபது நிமிஷம். மேசை காலியாகாமல் இருக்கப் புதிதாக யாராவது காசோடு வந்துகொண்டே இருக்க வேண்டும். புது ஆள் வரத்து நின்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு லாஸ் வேகாஸில் அதுதான் நடந்தது. சும்மா ஜாலிக்கு வந்து நூறு டாலர் தோற்றுவிட்டுப் போகும் சுற்றுலாக்காரர் குறைந்தார். மிஞ்சியவர்கள் கெட்டிக்காரர்கள். கெட்டிக்காரனும் கெட்டிக்காரனும் ஆடினால் யாருக்கும் லாபமில்லை, ரேக் மட்டும் நிற்காமல் ஓடும். அடுத்து வந்த வருடங்களில் பல ஓட்டல்களில் போக்கர் அறையை எடுத்துவிட்டு ஸ்லாட் மெஷினைப் போட்டார்கள்.

நம்ம ஊரில் சரிவு வேறு விதமாக வேலை செய்தது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் தொட்டதை ஏலத் தோட்டக்காரர்கள் இன்னும் கனவில் காண்கிறார்கள். 2022ல் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே. கடையில் வேலை குறைவு, சம்பளம் பாதி, கையில் செல்போன். லாஸ் வேகாஸ் போக விமான டிக்கெட் வேண்டும், இதற்கு ஒரு ரீசார்ஜ் போதும். அங்கே காசில்லாதவன் மேசையை விட்டுப் போனான். இங்கே காசில்லாததாலேயே வந்து உட்கார்ந்தான்.

"தரகு எல்லாத் தொழில்லயும் உண்டுதானே சார், ஏலக் கம்பெனி எடுக்கலையா?" என்று ஒரு வாசகர் கேட்பார். கேளுங்கள். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின் ஏலத்தில் கமிஷன் உண்டு. ஆனால் அங்கே ஒருவர் ஏலக்காயைக் கொடுத்துவிட்டுப் பணத்தோடு போகிறார், இன்னொருவர் பணத்தைக் கொடுத்துவிட்டு ஏலக்காயோடு போகிறார். இரண்டு பேருக்கும் ஏதோ கிடைத்த பிறகுதான் நடுவிலிருப்பவருக்குக் கூலி. சீட்டு மேசையில் என் காசு உன்னிடம் போகிறது, உன் காசு என்னிடம் வருகிறது, நடுவே விளைந்தது ஒன்றுமில்லை. கமிஷன் மட்டும் நிஜம்.

இதைக் கண்டுபிடிக்க பி.காம். கூட வேண்டாம் என்பதற்கு அத்தாட்சி, 1967லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் மீதான வழக்கு. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று அதில்தான் தீர்ப்பு வந்தது. கம்பெனிகள் அந்த வரியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டன. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: கிளப் நடத்துபவர் காசு வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து லாபம் சம்பாதித்தால் அது குற்றமாகலாம். அந்த கிளப் வாங்கியது ஏதோ உட்காரும் கட்டணம், பெரிய லாபமில்லை என்றுதான் விட்டார்கள். மேசைக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி என்று அன்றைக்கே காட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் நாம் திறமையா அதிர்ஷ்டமா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தோம். 2023 நவம்பரில்கூட உயர் நீதிமன்றம் தமிழகச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்ததை மட்டும் தள்ளிவிட்டது.

அரசாங்கம் என்ன செய்தது? அதுவும் ஒரு நாற்காலி போட்டு மேசையில் உட்கார்ந்தது. முன்பெல்லாம் கம்பெனி எடுத்த கமிஷன் மீது மட்டும் 18 சதவிகித ஜி.எஸ்.டி. கட்டின. பத்து ரூபாய் கமிஷனுக்கு 1 ரூபாய் 80 காசு. 2023 அக்டோபர் 1 முதல் ஆடுபவர் போடும் முழுப் பணத்துக்கும் 28 சதவிகிதம். ஆட உட்காரும் முன்பே அரசின் பங்கு தனியே போயாகிவிட்டது. ஜெயித்தால் நிகர வெற்றியில் முப்பது சதவிகித வரிப்பிடித்தம், அது வேறு கணக்கு. சூதாட்டத்தை ஒழிக்கத்தான் வரி என்றார்கள். ஒழிக்கிறவர் உண்டியல் வைப்பாரா?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அத்தனைக்கும் தடைச் சட்டம் போட்டது. பெரிய கம்பெனிகள் அடுத்த சில நாளில் கடையைச் சாத்தின. நல்லது. நான் தடைக்கு எதிரி இல்லை. ஆனால் கோவாவில் மாண்டோவி ஆற்றில் கேசினோ கப்பல்கள் நிற்கின்றன, அதற்கு அடுத்த மாதமே அவற்றுக்கு வரி 40 சதவிகிதம் ஆனது. அங்கே போனால் பாவமில்லை, போடியில் ஆடினால் பாவம் என்பது எந்த ஊர் நியாயம்? நம்ம ஊரிலேயே 'மனமகிழ் மன்றம்' என்று போர்டு மாட்டி உள்ளே சீட்டு ஓடும் இடங்கள் இல்லையா? டீக்கடையில்கூட டீ எவ்வளவு, வடை எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மன்றத்தின் வாசலிலாவது மேசைக்கு எவ்வளவு எடுக்கிறோம் என்று எழுதியிருந்தால் காட்டுங்கள். அதை எழுதச் சொல்லி ஓர் உத்தரவு போட எந்த அமைச்சருக்கும் தோன்றவில்லை. போட்டிருந்தால் பாதிப் பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

இவ்வளவையும் பையனிடம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிக் கழித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வருத்தப்படுவான், கோபப்படுவான் என்று நினைத்தேன். முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம்.

"அப்ப நான் நல்லாத்தான் ஆடியிருக்கேன், இல்லண்ணே?"

நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.