செருப்பு நழுவியது தெரியவில்லை

சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்குப் பழகிப்போன புகார் ஒன்று உண்டு. "நடந்துக்கிட்டே இருந்தேன் டாக்டர், செருப்பு கழன்டு விழுந்ததே தெரியல." எங்கள் பெரியப்பாவுக்கும் இது நடந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போனவர், காரை விட்டு இறங்கி மண்டபப் படிக்கட்டு வரை ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். பேத்தி ஓடிப்போய் இன்னொன்றை எடுத்து வந்தாள். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு அது வயதுக் கோளாறாகத் தோன்றவில்லை. மருத்துவரிடம் அழைத்துப்போனேன்.

அந்த மருத்துவர் முதலில் செய்த காரியம், செருப்பைக் கழற்றச் சொன்னது. பெரியப்பாவைப் படுக்க வைத்து, "அய்யா, கண்ணை மூடிக்குங்க. நான் தொடுறது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க" என்றார். கையில் ஒரு சிறு பிடி. அதன் நுனியில் விறைப்பான நைலான் இழை. அந்த இழை வளையும் அளவுக்கு அழுத்தினால் 10 கிராம் அழுத்தம் என்று கணக்கு. கட்டைவிரலுக்கு அடியில் இழை வளைந்தது. பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. பாதத்தின் முன்மேட்டில் வளைந்தது. பதில் இல்லை. குதிகாலிலும் இல்லை. கணுக்காலைத் தாண்டி மேலே வந்த பிறகுதான் "ம்" வந்தது. அடுத்து இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு தெரியவில்லை. முழங்காலில் வைத்ததும், "இங்க ஜிவ்வுனு இருக்கு" என்றார். கடைசியாகச் சுத்தியல். முழங்கால் லேசாகத் துள்ளியது. குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாணில் தட்டியபோது பாதம் அசையவே இல்லை.

"எனக்குக் கால்ல ஒரு வலியும் கிடையாதும்மா" என்றார் பெரியப்பா, நல்ல சேதி சொல்வது போல.

"அதுதான்யா எனக்குக் கவலை" என்றார் மருத்துவர்.

ஏன் காலில் தொடங்குகிறது? மூளையையும் தண்டுவடத்தையும் விட்டு வெளியே ஓடும் நரம்புகள் அனைத்தும் சேர்ந்ததுதான் புற நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி. செய்தி கொண்டுவருபவை உணர்வு நரம்புகள், கட்டளை கொண்டுபோகிறவை இயக்க நரம்புகள். இவ்வளவும் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அந்தப் பாடம் சொல்லாமல் விடும் ஒன்று, நரம்புச் செல்லின் நீளம். கட்டைவிரலின் அதிர்வை உணரும் செல்லின் உடல் முதுகெலும்பை ஒட்டி, இடுப்புக்கு அருகில் இருக்கிறது. அதன் ஒரு கிளை கால் முழுவதும் இறங்கி விரல் நுனி வரை போகிறது. இன்னொரு கிளை தண்டுவடம் வழியே மூளையின் அடிவாரம் வரை ஏறுகிறது. நல்ல உயரமான ஆளுக்கு இரண்டும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு செல்தான் அவ்வளவு நீளம்.

அந்த நுனி உயிரோடிருக்கத் தேவையான புரதங்கள் பெரும்பாலும் இடுப்பருகே உள்ள செல் உடலில்தான் தயாராகின்றன. அங்கிருந்து நுனிக்குப் போய்ச் சேரவே பல நாள் ஆகும். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் நரம்பும் கெடுகிறது, அதற்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெடுகின்றன. அப்போது முதலில் வாடுவது கடைக்கோடி. அதனால்தான் விரலில் ஆரம்பித்துப் பாதம், கணுக்கால் என்று மரப்பு மேலே ஏறுகிறது. அது முழங்காலை எட்டும் சமயத்தில் கைவிரல் நுனிகளும் மரக்கத் தொடங்கும். முழங்கால் வரை வரும் நரம்புகளின் நீளமும் கைக்கு வரும் நரம்புகளின் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். சிலருக்கு மரப்புக்கு முன்பு ராத்திரியில் எரிச்சல், ஊசி குத்தல் எல்லாம் வரும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் உணர்வு கழன்றுபோகும். பெரியப்பா இரண்டாவது வகை. இந்த வகையினர்தான் மருத்துவரிடம் காலைக் காட்டாமலே இருந்துவிடுகிறார்கள்.

சுத்தியலுக்கு வருவோம். முழங்காலில் தட்டினால் கால் துள்ளும் என்பதை 1875இல் ஜெர்மனியில் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இருவர் தனித்தனியே, ஒரே மருத்துவ இதழில் எழுதினார்கள். சில்லுக்குக் கீழே தட்டும்போது தொடையின் முன்தசை இம்மியளவு இழுபடுகிறது. தசைக்குள் நீட்சியை அளக்கும் நுண்ணுறுப்புகள் அதைக் கவனித்து நரம்பு வழியே தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. அங்கே உணர்வு நரம்பு இயக்க நரம்பை நேரடியாகத் தொட்டுத் தூண்டுகிறது. நடுவில் ஒரே ஒரு சந்திப்பு. அதே நொடியில் தொடையின் பின்தசையை இறுகாமல் இருக்கச் சொல்லி வேறொரு செல் அடக்கிவைக்கிறது. ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு கழிவதற்குள் தசை சுருங்கத் தொடங்கிவிடும். மூளைக்குத் தகவல் போகிறது, ஆனால் மூளையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. பிரிட்டிஷ் உடலியல் ஆய்வாளர் ஷெரிங்டன் இந்த ஏற்பாட்டின் உள்கட்டமைப்பை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1932இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தத் துள்ளல் மருத்துவர் சோதித்துப் பார்ப்பதற்காக உடலில் வைக்கப்பட்டதல்ல. நாம் சும்மா நிற்கும்போதும் உடல் இம்மி இம்மியாக முன்னும் பின்னும் சாய்கிறது. கணுக்கால் தசைகள் அதை உணர்ந்து இழுத்துப் பிடித்தபடியே இருக்கின்றன. கால் நரம்பு கெட்டவருக்கு இந்தப் பிடிமானம் குறையும். பகல் வெளிச்சத்தில் கண் அதை ஈடுகட்டிவிடும். குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய கணத்தில் தள்ளாடும். வீட்டில் பெரியவர் யாராவது அப்படிச் சுவரைப் பிடிப்பதைப் பார்த்தால் தலைசுற்றல் என்று விட்டுவிடாதீர்கள். காலையும் பாருங்கள்.

முள் மிதித்தால் நடப்பது இன்னும் அழகான காரியம். மிதித்த கால் மடங்கி மேலே எழுகிறது. மற்ற கால் விறைத்து முழு உடலையும் தாங்குகிறது. இரண்டு கட்டளைகளும் தண்டுவடத்திலிருந்தே போகின்றன. வலி பிறகுதான் வருகிறது, அதுவும் இரண்டு தவணையாக. முதலில் சுளீர் என்ற வலி. அது சற்று வேகமான நரம்பிழைகளில் வருவது. மெல்லிய இழைகளில் வரும் இரண்டாவது வலி நொடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர்தான் நகரும். காலிலிருந்து மூளைக்கு வர அதற்கு ஒரு நொடிபோல ஆகும். அந்த விண்விண் வலிதான் நம்மை உட்கார வைத்து முள்ளைத் தேட வைக்கிறது.

வலி இல்லாத உடல் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குப் புரியவைத்ததில் நம் ஊருக்குப் பெரும் பங்கு உண்டு. பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். மிஷனரிகளின் மகன். லண்டனில் அறுவை மருத்துவம் கற்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்தச் சொன்னார். கை நசுங்குமளவுக்குப் பிடி இறுகியது. செயலிழந்த கை என்று எல்லோரும் ஒதுக்கிய கைக்குள் நல்ல தசைகள் மீதமிருந்தன. அந்தத் தசைகளின் நாண்களை இடம் மாற்றி விரல்களை இயங்கவைக்கும் அறுவை முறைகள் பின்னர் வேலூரில் வளர்ந்தன.

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்று அதுவரை நம்பிவந்தார்கள். பிராண்ட் நோயாளிகளின் அன்றாடத்தைக் கூர்ந்து கவனித்தார். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகிய சிறுவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. இரவில் தூங்கியவர்களின் விரலை எலி கடித்தது, அவர்கள் விழிக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் நோயாளிகளிடம் ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பினார்களாம். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்பும். ஆகவே தோலை ஒட்டி ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்கிறதே, அந்த நரம்பு அதன் முதல் இலக்குகளில் ஒன்று. நரம்பு போனதால் காயம், காயத்தைக் கவனிக்காததால் சிதைவு. கிருமி நேரடியாக விரலைத் தின்பதில்லை.

பிராண்ட் பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் செய்த முயற்சிதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. போன வலிக்கு மாற்றாகக் கருவி செய்யப் பார்த்தார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள், அளவு மீறினால் எச்சரிக்கை ஒலி. நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு உணர்வுள்ள அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். கையில் எடுத்த வேலையை முடிக்க வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. மனிதர்கள் அறிவு குறைந்தவர்கள் என்பதல்ல காரணம். அந்த ஒலி அவர்களிடம் யோசனை கேட்டது. தண்டுவடம் யோசனை கேட்பதில்லை. அணைக்க முடியாதது என்பதால்தான் வலி நம்மைக் காப்பாற்றுகிறது என்று நான் நம்புகிறேன்.

பெரியப்பாவுக்கு இழந்த உணர்வு முழுதாகத் திரும்பும் என்று மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை. அறுபட்ட புற நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். சர்க்கரையால் நொந்த நரம்புக்கு அந்தத் தெம்பு குறைவு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் கெடுவது தாமதப்படும். மற்றதைக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். தினம் ராத்திரி பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது. செருப்பை மாட்டுமுன் தட்டி உதறுவது. வெந்நீரில் காலை வைக்குமுன் வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்ப்பது. ஆணிக்காலைப் பிளேடால் சீவாமல் இருப்பது. வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு. அந்த மெத்தென்ற ரப்பர் செருப்பு தொழுநோயாளிகளின் பாதத்துக்காக வந்து, பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவியது.

பெரியப்பா ஒன்றுக்கு மட்டும் ஒப்பவில்லை. கோயில். சித்திரை வெயிலில் பிரகாரத்துக் கருங்கல்லில் உச்சிவேளையில் வெறுங்காலோடு ஒரு சுற்று சுற்றினால், உணர்வுள்ளவர் குதித்து ஓடுவார். உணர்வற்றவர் நிதானமாகச் சுற்றி முடித்து, வீட்டில் கொப்புளத்தைப் பார்ப்பார். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பக்தியைக் குறைக்கச் சொல்லவில்லை. தடித்த காலுறை போட்டுக்கொள்ளலாம், கல் சூடேறுமுன் விடியலில் போகலாம். கோயில் நிர்வாகங்கள் நடைபாதை நெடுகத் தென்னைநார் விரிப்பு போட்டு, அதன் மேல் தண்ணீர் தெளித்துவைக்கலாம். சில கோயில்களில் செய்கிறார்கள். எல்லாக் கோயிலிலும் செய்ய வேண்டும்.

இன்னொரு தடை நம் மரியாதை. மருத்துவர் முன்னால் காலை நீட்டுவதா என்று நம் பெரியவர்கள் கூசுகிறார்கள். கேட்டால் ஒழியக் காட்டமாட்டார்கள். கூட்டம் நெரியும் மருத்துவமனைகளில் கேட்பதற்கு யாருக்கும் நேரமில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். நைலான் இழைக்கு விலை அதிகமில்லை. இரண்டு பாதத்தையும் சோதிக்கச் சில நிமிடம் போதும், பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரின் பாதத்தையும் இப்படிச் சோதிப்பது கட்டாயமாக வேண்டும். அது வரும்வரை, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவர் கேட்கக் காத்திருக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு, "என் காலைக் கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள்.