ஃபோர்ஸ் கொடுத்தால் உண்மை வருமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ப்ராசசர் எத்தனை டிகிரி சூடாக இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?" என்பதுதான். நல்ல கேள்வி. ஆனால் திரையில் ஒரு எண் தெரிந்தாலே போதும் என்று நினைப்பது தவறு.

என் நண்பர் ஒருவர் கடைக் கணக்குகளை வைத்துக் கொள்ள, பழைய சர்வர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்க இருக்கிறார். "சில பழைய சர்வர்களில் லினக்ஸ் வெப்பநிலையைக் காட்டாதாம். ஃபோர்ஸ்=1 என்று கொடுத்தால் காட்டிவிடுமாம். கொடுக்கலாமா?" என்றார். கொடுக்காதீர்கள் என்றேன்.

காரணம் இதுதான். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல், ஹார்ட்வேருடன் பேச டிரைவர் என்னும் சிறு புரோகிராமைப் பயன்படுத்துகிறது. ஏஎம்டி ப்ராசசர்களின் வெப்பநிலையைப் படிக்க, 2010ல் வந்த லினக்ஸ் 2.6.33 பதிப்பில் கே10டெம்ப் என்ற டிரைவர் சேர்க்கப்பட்டது. சாக்கெட் எஃப், ஏஎம்2+ வகைகளுக்கான அந்தக் காலத்து ப்ராசசர்களில் சென்சார் முன்னுக்குப் பின் முரணான அளவைத் தரலாம். இது பிழை எண் 319 என்று பதிவானது. அதனால் அந்த மதர்போர்டுகளில் இந்த டிரைவர் இயங்க மறுக்கிறது.

ஃபோர்ஸ் கொடுத்தால் டிரைவர் இயங்கும், சென்சார் சரியாகிவிடாது. "ஏதோ ஒரு எண் இருப்பது நல்லதுதானே?" என்பார்கள். நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். மின்விசிறியில் தூசு அடைத்திருக்கும்போது திரை 35 டிகிரி என்று காட்டினால், நாம் கேபினட்டைத் திறந்தே பார்க்க மாட்டோம். சூடு எல்லை மீறினால், ப்ராசசர் தன்னைக் காத்துக் கொள்ள சிஸ்டம் திடீரென அணைந்துவிடும். அப்போது எழுதிக் கொண்டிருந்த கணக்கு பைல் கெட்டுப் போகலாம். எண்ணே இல்லாவிட்டால் குறைந்தது சந்தேகமாவது இருக்கும்.

இன்டெல் ப்ராசசர்களிலும் கவனம் தேவை. அங்கே சென்சார், உச்ச வரம்புக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறோம் என்று மட்டுமே சொல்கிறது. பழைய ப்ராசசர்கள் சிலவற்றில் அந்த வரம்பு 85 டிகிரியா, 100 டிகிரியா என்பதை டிரைவர் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகம் தவறினால் 15 டிகிரி பிழை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஎம்2+ மதர்போர்டில் ஏஎம்3 ப்ராசசரைப் பொருத்தியிருந்தால், ஃபோர்ஸ் கொடுப்பதில் தவறில்லை. டிரைவருக்கு மதர்போர்டின் சாக்கெட் மட்டுமே தெரியும்; உள்ளே இருக்கும் ப்ராசசரின் சென்சார் நல்லதா என்று தெரியாது.

எண்ணைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. மின்விசிறியால் குளிரும் ப்ராசசர், அறையின் வெப்பநிலையைவிடக் குளிர்ச்சியாக இருக்கவே முடியாது. அறை 32 டிகிரி, திரையில் 25 டிகிரி என்றால் அந்த எண் பொய். அடுத்து, பெரிய வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எண் ஏற வேண்டும். வேலை முடிந்ததும் இறங்க வேண்டும்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லும் டிரைவரைத் திட்டாதீர்கள். அது நேர்மையான டிரைவர். கேபினட்டைத் திறந்து தூசு தட்டுங்கள். கணக்குகளுக்கு இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள்.