காருக்குள் கணினி: மின்சாரக் கோளாறைத் தேடும் வரிசை

காரில் பொருத்திய கணினி அடிக்கடி அணைந்துபோனால், அதற்கு மின்சாரம் வரும் பாதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ட் ஏறக்குறைய நிலையானது. காரின் 12 வோல்ட்டோ பெயரளவில்தான் 12. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 13.8 முதல் 14.4 வரை உயர்த்தும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் நொடியில் அது 9 வோல்ட்டுக்கும் கீழே சரியலாம். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளைச் சீராகத் தருவதே காருக்கென்று செய்யப்பட்ட பவர் சப்ளையின் வேலை.

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குக் கார் மின்னணுவியல் புதிதல்ல. 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலத்துக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் கார் மின்னணுக் கருவிகள் செய்த கிளாரியனும் ராபர்ட் போஷும் உண்டு. ஆலையில் ஒவ்வொரு சர்க்யூட் பலகையும் படிப்படியாகச் சோதிக்கப்பட்ட பிறகே வெளியேறும். கோளாறு தேடுவதற்கும் அதே ஒழுங்கு வேண்டும்: பேட்டரியில் தொடங்கி, மதர்போர்டில் முடிய வேண்டும்.

முதலில் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து, ஓய்விலும் என்ஜின் ஓடும்போதும் அளக்க வேண்டும். இங்கேயே அளவு குறைந்தால் பேட்டரியையோ ஆல்டர்னேட்டரையோ கவனிக்காமல் மேலே போவதில் பயனில்லை.

அடுத்தது வயர். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் சப்ளையின் நுழைவாயிலில் அளந்து, பேட்டரி அளவோடு ஒப்பிட வேண்டும். 60 வாட் கணினி சுமார் 5 ஆம்பியர் இழுக்கும், பாதையில் 0.2 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போகும். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் வயர் மெலிது, ஃபியூஸ் பிடிமானம் தளர்வு, அல்லது எர்த் சரியில்லை. கடற்காற்று வீசும் தீவில் எர்த் போல்ட்டின் அடியில் துரு பிடிப்பது எளிது. பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் இறுக்கிப் பூட்டினால் பல கோளாறுகள் அங்கேயே தீரும். பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் இல்லாத வயரைக் காருக்குள் இழுக்கவே கூடாது. அது தீ விபத்தில் முடியலாம்.

சாவியைத் திருப்பும்போது மட்டும் கணினி மீண்டும் தொடங்கினால், காரணம் இரண்டில் ஒன்று. பவர் சப்ளை அந்தத் தாழ்வைத் தாங்கவில்லை. அல்லது, சாவி நிலையைத் தெரிவிக்கும் வயரில் ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்சாரம் துண்டிக்கப்படுவதைப் பவர் சப்ளை அணைக்கும் ஆணையாக எடுத்துக்கொள்கிறது. சாதாரண மீட்டர் இவ்வளவு குறுகிய சரிவைப் பிடிக்காது. குறைந்தபட்ச அளவைப் பதிவு செய்யும் மீட்டர் தேவை.

பிறகே பவர் சப்ளையைச் சோதிக்க வேண்டும். 24 முனை இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சுமையாக வைத்து, பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால் அது இயங்க வேண்டும். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் இருந்தால் சரி. ஊதா வயரில் பச்சையை இணைக்கும் முன்பே 5 வோல்ட் இருக்க வேண்டும்.

மதியத்தில் மட்டும் தடுமாறும் கணினிக்கு வெப்பமே காரணமாக இருக்கலாம். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும். 10 டிகிரி கூடினால் மின்பகு கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தலை உப்பிய கெபாசிட்டர் தெரிந்தால் மாற்றிவிடுவதே நல்லது. பவர் சப்ளையை டேஷ்போர்டுக்குள் அடைக்காமல், காற்றோட்டத்தோடு இருக்கைக்கு அடியில் வைக்கலாம்.

காலையில் கார் கிளம்ப மறுத்தால், கணினியை அணைத்த பிறகும் கசியும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். 0.1 ஆம்பியர் தொடர்ந்து கசிந்தால் ஒரு வாரத்தில் ஏறக்குறைய 17 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய காரின் 40 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பெரிய இழப்பு.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் போதும். புதிய பவர் சப்ளை வாங்கக் கடைக்குப் போகும் முன் இவற்றை வரிசையாக அளந்து, எண்களை எழுதி வையுங்கள்.