டிவிப் பெட்டியில் கோழி அடை வைக்கலாமா?

பண்ணையில் கழிவு என்று ஒன்று கிடையாது. இயற்கை விவசாயத்துக்கு வருகிற எவரும் முதலில் படிக்கிற பாடம் இதுதான். சாணி எருவாகுது, மூத்திரம் ஜீவாமிர்தமாகுது, சருகு மூடாக்காகுது, அழுகின தக்காளி கூட மண்புழுவுக்கு விருந்தாகுது. ஆனால் அதே ஆள் வாசல்படி தாண்டி வீட்டுக்குள் போனால் பாடம் மறந்துபோகிறது. உங்கள் வீட்டுப் பரணைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஓடாத மிக்சி, தலை ஆடாத டேபிள் ஃபேன், பேசாத ரேடியோ, பிம்பம் விழாத டிவி. தூக்கிப் போடவும் மனசு வராது, வைத்துக்கொள்ளவும் இடமில்லை.

நம் மாநிலத்தில் இந்தக் குவியலுக்குத் தனி வரலாறே இருக்கிறது. 2006 தேர்தலுக்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த பொருட்கள் இவை. கொடுத்ததைக் குறை சொல்ல வரவில்லை. அம்மிக்கல்லிலும் ஆட்டுக்கல்லிலும் கை தேய்ந்த பெண்களுக்கு அந்த மிக்சியும் கிரைண்டரும் எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும். ஆனால் கொடுக்கிற அன்றைக்கே, 'இது கெட்டுப்போனால் எங்கே போகும்?' என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு அதற்கு விடை தேட வேண்டியவர்கள் நாம்தான். ஏனென்றால் அது கடைசியில் வந்து விழுகிற இடம் ஓடைக்கரையும், புறம்போக்கும், நம் வேலியோரமும்தான்.

உலகம் முழுக்க இதே கதைதான். 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்கிறது ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட 2024ஆம் ஆண்டு அறிக்கை.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன சாமானை முதலில் பழுது பார்ப்போம். முடியாவிட்டால் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் உதவுகிற வேறொரு சாமானாக மாற்றுவோம். அதேசமயம், எதை மாற்றலாம், எதை மண் பக்கமே விடக்கூடாது என்கிற தெளிவு மற்ற யாரையும்விட நமக்கு வேண்டும். பூச்சிமருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஈயத்தைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன அர்த்தம்?

முதல் வைத்தியம் ரிப்பேர்தான்

'போச்சு' என்று நாம் ஒதுக்குகிற சாமான்களில் பாதி போகவே இல்லை. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? பெரும்பாலும் கண்டென்சர் மாற்றினால் போதும். மிக்சி பொறி பறந்து நின்றுவிட்டதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டார் ஓடுது, ஜார் சுத்தலையா? அடியில் இருக்கிற கப்ளர் உடைந்திருக்கும். கிரைண்டர் கல் நிற்கிறதென்றால் பெல்ட்டைப் பாருங்கள். எல்லாம் சின்னச் செலவு. பக்கத்து டவுனில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கிற மெக்கானிக் அண்ணனுக்கும் பிழைப்பு. விதை காக்கிற பாட்டி ஊருக்கு எவ்வளவு முக்கியமோ, அவரும் அவ்வளவு முக்கியம் என்பேன். அவர் கடையை மூடிவிட்டால் பிறகு எல்லாமே புதுசுதான் வாங்கணும்.

எங்கள் சாளையில் புழங்குபவை

இனி உயிரே வராது என்று மெக்கானிக் கையை விரித்த பிறகுதான் மாற்றும் வேலை. எங்கள் சாளையில் இப்போது நடமாட்டத்தில் இருப்பவற்றைச் சொல்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு அளவெடுத்துக்கொண்டும் போகிறார்கள்.

வாஷிங் மெஷின் டிரம் எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம். உடம்பெல்லாம் ஓட்டை போட்ட துருப்பிடிக்காத எஃகு. மரவள்ளி, சேனை, மஞ்சள் எல்லாவற்றையும் அதில் கொட்டிக் குழாயடியில் உருட்டினால் மண் தானாக வடிந்துவிடும். இரண்டாவது டிரம் கட்டுத்தரையில் இருக்கிறது. சாயங்காலம் கொசுவுக்கு வேப்பந்தழை, நொச்சி போட்டு அதற்குள்தான் மூட்டம் போடுகிறோம். ஓட்டை வழியே காற்று போகும், கங்கு வெளியே சிதறாது, வைக்கோல் பக்கம் தீ போகும் என்ற பயம் குறைவு. ஆனால் மூட்டம் போட்ட டிரம்மைக் காய் கழுவ எடுக்காதீர்கள். ஒரு டிரம்முக்கு ஒரே வேலை. முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் தடித்த கண்ணாடிக் கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும். அதைக் கழற்றி வேப்பமரத்தடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மைனாவும் தவிட்டுக்குருவியும் குளிக்கிற தொட்டி இப்போது அதுதான்.

டேபிள் ஃபேனின் வலைக்கூண்டு இரண்டு பாதியாகக் கழலும். ஒன்று வடகம், மோர்மிளகாய் காய வைக்கும்போது காக்காய்க்கு மூடி. இன்னொன்று பொரித்த குஞ்சுகளுக்குப் பகல்நேரப் பஞ்சாரம். பருந்து வட்டமடித்துவிட்டுப் போய்விடுகிறது.

மிக்சி ஜாரில் பிளேடையும் புஷ்ஷையும் கழற்றினால் அடியில் ஓர் ஓட்டை மிஞ்சும். தண்ணீர் வடிய வேறு ஓட்டை போடவே வேண்டாம். பிடியோடு கூடிய பூந்தொட்டி தயார். எங்கள் வீட்டில் ஓமவல்லியும் துளசியும் ஜன்னல் கம்பியில் மிக்சி ஜாரில்தான் தொங்குகின்றன.

ஸ்பீக்கருக்குள் இருக்கிற காந்தத்தை மட்டும் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அதை ஒரு குச்சி நுனியில் கட்டி, தவிட்டிலும் வெட்டிய தட்டிலும் ஒருமுறை துழாவி எடுங்கள். ஆணியும் கம்பித்துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். மாடு தீனியை மெல்லாமல் விழுங்கிவிடுகிற பிராணி. உள்ளே போன கம்பி இரைப்பையைக் குத்தி, பிறகு இதயம் வரை போய் மாட்டையே சாய்த்துவிடும் என்று எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வார். காசில்லாத காந்தம், ஒரு மாட்டின் உயிர்.

பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற சின்ன விசிறி 12 வோல்ட்டில் ஓடுவது. அதற்கேற்ற சிறிய சோலார் தகடு ஒன்றோடு இணைத்து மரப்பெட்டியின் பக்கவாட்டில் பொருத்தினால், முருங்கைக்கீரையும் விதையும் நிழலில் உலர்த்துகிற பெட்டி ஆகிவிடும். கீரை பச்சை நிறம் மாறாமல் காயும்.

ஓடாத ஃபிரிட்ஜ் நல்ல விதைப்பெட்டி. கதவின் ரப்பர் பட்டை சரியாக இருந்தால் எலி, எறும்பு நுழையாது. விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; ஈரம் இருந்தால் உள்ளேயே பூசணம் பிடித்துவிடும். இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பின்னால் இருக்கிற குழாயை நீங்களாக அறுக்காதீர்கள். சில ஃபிரிட்ஜ்களில் இருப்பது தீப்பற்றுகிற வாயு. சிலவற்றில் இருப்பது கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்குகிற வாயு. ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை வைத்து முறையாக எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, கண்ணாமூச்சி ஆடுகிற குழந்தை உள்ளே போய் ஒளிந்தால் மூச்சு முட்டிவிடும். வெளியே கொண்டி போட்டுப் பூட்டியே வைக்க வேண்டும்.

பாட்டு சிடிக்களைக் கம்பு, சோளக் காட்டில் நூலில் கட்டித் தொங்கவிடுவது பலருக்கும் தெரிந்ததே. குருவிகள் நாலு நாளில் பழகிவிடும் என்பதால் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். கேசட் நாடாவை இழுத்துக் கட்டுகிறவர்கள் அறுவடை முடிந்ததும் ஒரு முழம் விடாமல் சுருட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் நொறுங்கி மண்ணோடு கலந்துவிடும்.

மண்ணுக்கு ஆகாதவை

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டயனோரா, சாலிடேர் காலத்து மரப்பெட்டி டிவி, கதவு வைத்ததாக இருந்தால், உள்ளே உள்ளதெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்த பிறகு தாராளமாகக் கோழி அடை வைக்கலாம். பிளாஸ்டிக் பெட்டி என்றால் வேண்டாம். தீப்பிடிக்காமல் இருக்க அந்தப் பிளாஸ்டிக்கில் புரோமின் கலந்த ரசாயனங்களைச் சேர்ப்பது வழக்கம். கோழி எதையும் கொத்திப் பார்க்கும். கொத்தினது முட்டைக்கு வரும். பிளாஸ்டிக் பெட்டியில் செருப்பு வையுங்கள், கருவிகள் வையுங்கள். கீரை போடாதீர்கள், தீனி வைக்காதீர்கள்.

டிவியின் படக்குழாய் இன்னும் மோசம். அதன் பின்பக்கப் புனல் கண்ணாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. செம்புச் சுருளுக்காக அதை உடைத்துவிட்டுக் கண்ணாடியை ஓடையில் வீசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உடைக்கும்போது வெடித்துச் சிதறவும் செய்யும். அணைத்து வைத்த டிவிக்குள்ளும் ஷாக் அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே அதைத் திறக்கிற வேலை மெக்கானிக்குடையது.

இன்வெர்ட்டர், டிராக்டர் பேட்டரியின் ஓட்டைக் கறிவேப்பிலைத் தொட்டியாகவோ, ஆடு மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகவோ ஆக்குவது பெரிய ஆபத்து. எத்தனை முறை கழுவினாலும் ஈயம் முழுதாகப் போகாது. பழைய பேட்டரிக்குக் கடையில் விலை இருக்கிறது, அப்படியே கொடுத்துவிடுங்கள். டியூப்லைட், சிஎஃப்எல் பல்பில் பாதரசம் உண்டு. உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்திப் பார்க்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வயரை எரித்துச் செம்பு எடுப்பது. வயரின் மேலுறை பெரும்பாலும் பிவிசி. அது செம்போடு சேர்ந்து எரியும்போது டயாக்சின் உண்டாகிறது. டயாக்சின் கொழுப்பில் போய்த் தங்குகிற நஞ்சு. அதாவது பாலில், முட்டையில். கானா நாட்டின் அக்ரா நகரில் அக்போக்புளோஷி என்கிற இடம், இப்படி வயர் எரிப்பதற்கே பேர்போனது. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்தபோது டயாக்சின் மிக அதிகமாக இருந்தது. நாம் நாட்டுக்கோழி முட்டை என்று நம்பி வாங்குகிறவர்களிடம் விற்கிறோம். வேலியோரம் ஒருவன் வயர் எரிக்கிறான் என்றால் அது அவன் பாடு இல்லை, நம் பாடு.

திறக்க முடியாத பெட்டி

சில நண்பர்கள் கேட்கிறார்கள்: "கம்பெனிக்காரன் குப்பையை நாம ஏங்க பூந்தொட்டி ஆக்கணும்? அவன் கடமை தீர்ந்துபோயிருமே!" நியாயமான கேள்வி. நாம் நாலு ஜாரில் துளசி வைத்தால் உலகம் திருந்திவிடாது. ஆனால் ஒரு சாமானைத் திறந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும், புதுசாக வருகிறவை திறக்க முடியாதபடி செய்யப்படுகின்றன என்பது. ஸ்க்ரூ இருந்த இடத்தில் பசை. தனியாக மாற்ற முடிந்த உறுப்பு இப்போது மொத்தப் பலகையோடுதான் வருகிறது. உதிரி பாகம் கேட்டால், 'மாடல் நிறுத்தியாச்சு, புதுசு வாங்கிக்கோங்க' என்கிறார்கள்.

இது நமக்குப் பழகின கதைதானே? எடுத்து வைத்தால் மறுபோகத்துக்கு உதவாத விதையைக் கொடுத்து, ஒவ்வொரு போகத்துக்கும் கடை வாசலில் நிற்க வைத்தார்களே, அதே கணக்குதான். விதையைச் சேமிக்கிற உரிமையும் சாமானைப் பழுது பார்க்கிற உரிமையும் அக்கா தங்கை. அமெரிக்காவில் இதை முன்னின்று கேட்டவர்களில் விவசாயிகளும் உண்டு. டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்கக் கம்பெனி விடவில்லை என்பதே அவர்கள் கோபம். கொலராடோ மாநிலத்தில் 2023இல் அதற்குச் சட்டமே வந்தது. நம் ஒன்றிய அரசும் 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, செல்போன், வீட்டுச் சாமான், வாகனத்தோடு பண்ணைக் கருவிகளையும் அதில் சேர்த்தது. அதைச் சட்டமாக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்.

குப்பைக்கும் விதி இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்கிற கம்பெனிகள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு கழிவை மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்கள் நகரங்களைச் சுற்றி இருக்கின்றன. நம் படக்குழாய் கிராமத்துப் பரணில் இருக்கிறது. இடையில் இருக்கிற தூரத்தை யார் கடப்பது?

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருகிற மனிதர்தான் இதுவரை அந்தத் தூரத்தைக் கடந்தவர். அவரைத் திட்டிப் பயனில்லை. எரிக்காமல், உடைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவருக்கும் நல்ல விலை கிடைக்கிறமாதிரி ஏற்பாடு வேண்டும்.

அதனால் இரண்டு வேலை சொல்கிறேன். அடுத்த கிராமசபையில், ஆண்டுக்கு இரண்டு முறை ஊராட்சியே மின்னணுக் கழிவைச் சேகரித்துப் பதிவு பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். போகி நாள் அதற்குத் தோதானது. எரிக்கிறதுக்குப் பதிலாகச் சேர்ப்போம். அதேபோல, மாதக் கூட்டத்துக்கு வரும்போது விதை கொண்டுவருகிறமாதிரி கெட்டுப்போன ஒரு சாமானையும் கொண்டுவாருங்கள். மெக்கானிக் ஒருவரையும் கூப்பிடுவோம். ஓடுவதை ஓட வைப்போம், ஓடாததில் ஆவதை எடுத்துக்கொள்வோம், ஆகாததை மூட்டை கட்டி ஊராட்சி வாசலில் வைப்போம். 'வண்டி எப்போ வரும்?' என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.