தெரிந்த கருந்துளையும் சந்தேகக் கருந்துளையும்

வாட்ஸ்அப்பில் கருந்துளை பற்றி இரண்டு செய்திகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பூமியை விழுங்க ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்பது ஒன்று. இதையெல்லாம் நம் முன்னோர் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள் கையிலிருந்துதான் பேரன் பேத்திகளுக்குப் போகின்றன. அதனால்தான் எழுதத் தோன்றியது.

முதல் செய்திக்குப் பதில் எளிது. தெரிந்த கருந்துளைகளில் நமக்கு மிக அருகில் இருப்பதே சுமார் 1,560 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கையா விண்கலம் தந்த அளவீடுகளைக் கொண்டு 2022-ல் கண்டுபிடித்தார்கள். நம் சூரியனே அதே நிறையோடு கருந்துளையாகிவிட்டாலும் பூமி இப்போது போலத்தான் சுற்றும். வெளிச்சமும் சூடும்தான் இருக்காது.

அளவில் இவை பல வகை. சூரியனைப் போல் பத்து மடங்கு நிறையுள்ள கருந்துளையின் குறுக்களவு சுமார் 60 கிலோமீட்டர். ஏறக்குறைய குன்னத்தூரிலிருந்து கோவை வரை. நம் பால்வெளி மண்டலத்தின் நடுவில் இருப்பது 40 லட்சம் சூரியன்களுக்கும் மேல். அதைச் சுற்றி ஓடும் ஒரு நட்சத்திரம் 16 ஆண்டில் ஒரு சுற்று முடிப்பதைப் பார்த்துத்தான் அந்த நிறையைக் கணக்கிட்டார்கள். 2019-ல் படம் வெளியான எம்87 மண்டலத்துக் கருந்துளையோ சுமார் 650 கோடி சூரியன்கள். புளூட்டோவின் பாதை வரைக்கும் அதற்குள் அடங்கிவிடும்.

இவை தெரிந்தவை. சந்தேகத்தில் இருப்பவையும் உண்டு. சிறிதுக்கும் பெரிதுக்கும் நடுவே, ஆயிரக்கணக்கான சூரியன்கள் அளவில் இருப்பவை அரிது. பிரபஞ்சம் தோன்றியபோதே மிகச் சிறிய கருந்துளைகள் உண்டாகியிருக்கலாம் என்று ஹாக்கிங் 1971-ல் எழுதினார். அப்படி ஒன்றுகூட இன்னும் அகப்படவில்லை.

சந்தேகம் என்பதற்காக ஒதுக்கிவிடவும் கூடாது. ஒளிகூடத் தப்ப முடியாத விண்பொருள் இருக்கலாம் என்று 1796-ல் லாப்லாஸ் எழுதினார். பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்குக் கணக்கு வகுப்பிலேயே பழக்கமான பெயர். பிற்பாடு வந்த பதிப்புகளில் அந்தப் பகுதியை அவரே நீக்கிவிட்டார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவருக்கு 19 வயது. எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போனால், அது வெள்ளைக் குள்ளனாக நிலைத்து நிற்க முடியாது என்பது அவர் கணக்கு. 1935 ஜனவரி 11 அன்று லண்டன் கூட்டத்தில் எடிங்டன் அதைச் சபையறியக் கேலி செய்தார். ஆனாலும் சந்திரசேகர் அந்தக் கணக்கைக் கைவிடவில்லை. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

இரண்டாவது செய்திக்கு என் பதில் இதுதான். பெருமைப்பட நமக்கு ஆதாரமில்லாத சுவடிக்கதை எதற்கு? கணக்குப் போட்டு, கேலியையும் தாங்கி நின்ற ஒருவர் நம்மிடமே இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லலாம்.

வைகாசி மாத இரவில், பனியன் கம்பெனி விளக்குகள் எட்டாத தோட்டத்தில் நின்று தெற்கே பாருங்கள். பஞ்சுப் பிசிறு போல மங்கலாக ஒரு புள்ளி தெரியும். ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் அது. அதன் நடுவில் ஏழு நட்சத்திரங்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுவதால், குறைந்தது 8,200 சூரியன்கள் நிறையுள்ள ஒரு கருந்துளை அங்கே இருக்க வேண்டும் என்று 2024-ல் ஒரு குழு அறிவித்தது. ஒன்றுதானா, பல சிறியவற்றின் கூட்டமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

பேரனுக்குக் காட்டும்போது, ‘உள்ளே ஒரு கருந்துளை இருக்கலாம்’ என்று சொல்லுங்கள். ‘இருக்கிறது’ என்று சொல்ல இன்னும் காலம் வரவில்லை.