ஆப் புரோட்டோடைப்: எந்த டூலை நம்பலாம்?

ஸ்டார்ட்அப் ஐடியா ரெடி. கோடிங்குக்கு முன்னாடி, ஆப் எப்படி இருக்கும்னு காட்ட ஒரு புரோட்டோடைப் வேணும். எந்த டூல்?

விலைக்கு முன்னாடி பார்க்க வேண்டியது, அந்த டூல் நிலைக்குமா என்பதை. டிசைனர்கள் கொண்டாடிய இன்விஷன் 2024 இறுதியில் மூடப்பட்டது. ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022-ல் அறிவித்த அடோபி, ஐரோப்பிய, பிரிட்டன் போட்டி ஆணையங்களின் ஆட்சேபத்தால் 2023 டிசம்பரில் பின்வாங்கியது. அதற்குள் தன் சொந்த எக்ஸ்டி-யைத் தனியாக விற்பதையே நிறுத்தியிருந்தது. எக்ஸ்டி-யை நம்பினவங்க பாடுதான் திண்டாட்டம்!

முதல் புரோட்டோடைப்புக்கு ஃபிக்மாவின் இலவச பிளானே தாராளம். ஆனா அதுவும் ஒரு கம்பெனிதானே? ஸ்கிரீன்களைப் படமா டவுன்லோடு பண்ணிடலாம். எந்த பட்டனைத் தொட்டா எந்த ஸ்கிரீன் வரும்ங்கிறது படத்துல வராது. அதை முதல் நாளிலிருந்தே தனியா எழுதி வைங்க.