மஞ்சட் சட்டையும் மக்கள் ஐயமும்

வெற்றி பெற்றவனை வாழ்த்துவது உலக வழக்கம். சைக்கிளோட்டப் போட்டி உலகிலோ வெற்றி பெருகப் பெருக வாழ்த்துக் குன்றி ஐயம் பெருகுகின்றது. சுலோவேனிய நாட்டு வீரர் ததேய் பொகச்சார் 2024ஆம் ஆண்டில் இத்தாலியச் சுற்றுப் போட்டியையும், 'ரூர் டி பிரான்ஸ்' எனப்படும் பிரான்சுச் சுற்றுப் போட்டியையும், சூரிச் நகரில் நடைபெற்ற உலக வீரர் பட்டப் போட்டியையும் வென்றார். 2025ஆம் ஆண்டில் பிரான்சுச் சுற்றில் நான்காவது முறையாக முதலிடம் பெற்று மஞ்சட் சட்டையை அணிந்தார். தலைமுறைக்கு ஒருவராகத் தோன்றும் வீரர் இவர் எனக் கொண்டாடுகின்றனர் ஒரு சாரார். "இத்துணை வேகம் எங்கிருந்து வந்தது?" என வினவுகின்றனர் மற்றொரு சாரார்.

வினவுவதே பொறாமை என்பது முதற் சாராரின் வாதம். வென்றதே குற்றத்துக்குச் சான்று என்பது மறு சாராருட் சிலரின் வாதம். இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. ஐயுறுவது மக்களின் உரிமை. தீர்ப்பளிப்பது சான்றின் வேலை. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்புவதனாலேயே நேர்மையாளன் வருந்துகிறான், வஞ்சகன் தப்புகிறான்.

எங்கோ ஐரோப்பிய மலைச் சாலைகளில் நிகழும் போட்டியைப் பற்றி நமக்கென்ன கவலை எனக் கேட்பாரும் உளர். நம் உழவர் தோட்டத்துக்கும், உத்தியோகத்தர் கந்தோருக்கும் ஏறிச் செல்லும் அதே துவிச்சக்கர வண்டிதான் அங்கும் ஓடுகின்றது என்பது ஒருபுறமிருக்க, அங்கே எழுந்துள்ள கேள்வி வண்டியைப் பற்றியதன்று, காவலனைப் பற்றியது. காவலன் கண்ணயர்ந்தால் காணி யாருக்கு என்பது எல்லா நாட்டு மக்களுக்கும் உரிய கேள்வியாகும்.

ஐயத்தின் வேர்

இந்த ஐயம் இன்று நேற்று முளைத்ததன்று. பிரான்சுச் சுற்றை 1903ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்குவதற்காகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே மோசடி தலைகாட்டிற்று. 1904ஆம் ஆண்டுப் போட்டியில் முதல் நான்கு இடங்களைப் பெற்ற வீரர் அனைவரும், போட்டி முடிந்து பல மாதங்களின் பின்னர் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். சிலர் வழியிலே புகைவண்டி ஏறினர் என்பதும் அன்றைய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஐந்தாவதாக வந்த இருபது வயது நிரம்பாத ஹென்றி கோர்னே வெற்றி வீரராக அறிவிக்கப்பட்டார்.

புகைவண்டியின் இடத்தைப் பின்னர் மருந்து பிடித்தது. 1967 ஜூலை 13ஆந் திகதி வோந்தூ மலை ஏற்றத்தில் ஆங்கிலேய வீரர் தொம் சிம்சன் வண்டியிலிருந்து விழுந்து மாண்டார். அவருக்கு வயது 29. அவர் உடலில் ஊக்கமருந்தும் மதுவும் காணப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டிலே முதன்முதலாகப் பரிசோதகர்கள் போட்டிக்கு வந்தபோது, வீரர்கள் பாதையில் இறங்கி நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம்.

தொண்ணூறுகளில் 'ஈ.பி.ஓ.' என்னும் மருந்து பரவியது. குருதியிலே செவ்வணுக்களைப் பெருக்கித் தசைகளுக்குச் செல்லும் ஒட்சிசனின் அளவை உயர்த்துவது அதன் தொழில். 1996இல் பிரான்சுச் சுற்றை வென்ற டென்மார்க்கு வீரர் பியார்ன ரீஸ் தாம் அதைப் பயன்படுத்தியதாக 2007இல் ஒப்புக்கொண்டார். 1998இல் இத்தாலியச் சுற்றையும் பிரான்சுச் சுற்றையும் ஒருங்கே வென்ற மார்க்கோ பந்தானியின் மாதிரியில் அம்மருந்து இருந்தமை, 2013இல் பிரெஞ்சு செனற் சபையின் அறிக்கை மூலம் வெளியாயிற்று. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 2004 பெப்ரவரியில், பந்தானி தனிமையில் மாண்டு போனார்.

காவலர் செய்த பிழை

இவை யாவற்றினும் பெரிது லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் விவகாரம். புற்றுநோயிலிருந்து மீண்ட அந்த அமெரிக்கர் 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து பிரான்சுச் சுற்றை வென்றார். நூற்றுக்கணக்கான பரிசோதனைகளில் தாம் ஒருமுறையேனும் தவறவில்லை என்பதே அவருடைய ஓயாத மறுமொழி. 2012 ஒக்ரோபரில் ஐக்கிய அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட சான்றுகளை வெளியிட்டது. 26 பேர் சத்தியம் செய்து சாட்சியம் அளித்திருந்தனர். அவர்களுள் 15 பேர் ஓட்டவீரர். ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 சனவரியில் அவரே தொலைக்காட்சியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வேழு ஆண்டுகளுக்கும் இன்று வெற்றி வீரர் என எவருமிலர்.

ஒரு தனிமனிதன் பொய்யுரைத்தான் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஐயுற்றவர்களுக்கு நேர்ந்த கதி என்ன? 1999ஆம் ஆண்டுப் போட்டியின்போது பத்திரிகையில் ஊக்கமருந்தைப் பற்றி வெளிப்படையாக எழுதிய கிறிஸ்தோப் பசோன் என்னும் பிரெஞ்சு வீரர், சக வீரரால் ஒதுக்கப்பட்டுப் போட்டியை விட்டே விலகினார். ஐயத்தை அச்சேற்றிய இலண்டன் 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகை மானநட்ட வழக்கில் 2006ஆம் ஆண்டு பெருந்தொகை கொடுத்து இணங்கிப் போக நேரிட்டது. தாம் கண்டதைக் கூறிய அணிப் பணிப்பெண் ஒருவரும் வழக்கைச் சந்திக்க வேண்டியவரானார். பொய் தேரேறிப் பவனி வந்தது. மெய் நீதிமன்ற வாயிலில் தண்டப் பணம் செலுத்தி நின்றது.

காவலர் செய்தது யாது? 2015 மார்ச்சில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் ஆம்ஸ்ட்ரோங்குக்குச் சலுகை காட்டியதை எடுத்துரைத்தது. 1999இல் அவருடைய மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டபோது, பின்னாளில் எழுதிக் கொடுக்கப்பட்ட வைத்தியர் சீட்டை அச்சங்கம் ஏற்றுக்கொண்டது. அவர் அளித்த நன்கொடைகளையும் பெற்றுக்கொண்டது. இலஞ்சம் வாங்கிக் குற்றத்தை மறைத்தது என்பதற்குச் சான்றில்லை என அதே அறிக்கை கூறுவதையும் நேர்மை கருதிக் குறிப்பிடுகிறோம். எனினும், யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமே கொடை பெறுபவன் காவலனாவது எங்ஙனம்? அதற்கு முந்திய ஆண்டு எழுந்த ஊழலினால் பெயர் கெட்டிருந்த விளையாட்டுக்கு ஒரு வீரநாயகன் தேவைப்பட்டான். ஆகையால் காவலர் கண்ணை மூடிக்கொண்டனர்.

பரிசோதனை ஒன்றே போதாது

பெரிய மோசடிகள் எவ்வாறு வெளிப்பட்டன என்பதை நோக்குக. 1998இல் பெஸ்ரினா அணியின் பணியாளரைப் பெல்சிய எல்லையருகே மருந்துகளுடன் பிடித்தவர்கள் பிரெஞ்சுச் சுங்க உத்தியோகத்தர். 2006இல் மட்ரிட் நகர வைத்தியர் ஒருவரின் குருதிப் பைகளைக் கைப்பற்றியவர்கள் ஸ்பானியக் காவற்படையினர். 2019இல் சேர்மன் வைத்தியர் ஒருவரைச் சுற்றியிருந்த கூட்டத்தைப் பிடித்தவர்கள் பொலிசார். ஆம்ஸ்ட்ரோங்கை வீழ்த்தியவை அவருடைய தோழரின் வாக்குமூலங்கள். பரிசோதனைச் சாலை தனித்து நின்று இவற்றை வெளிக்கொணரவில்லை. எனவே, "பரிசோதனையில் தவறவில்லை" என்னும் ஒரு சொல்லைக் கொண்டு மக்களின் வாயை அடைக்க முயல்வது வரலாற்றை மறந்தவர் செயலாகும்.

அவ்வாறாயின் இன்றைய வீரரும் வஞ்சகரே என முடிவு கட்டலாமா? கட்டலாகாது. 2024 ஜூலையில் பொகச்சார் பிளாத்தோ டி பெய் மலையேற்றத்தைப் பந்தானியின் 1998ஆம் ஆண்டு நேரத்தினும் மூன்று நிமிடங்களுக்கு மேல் விரைவாக முடித்தார். மருந்து உண்டவரை மருந்து உண்ணாதவர் எவ்வாறு முந்தினார் என்னும் கேள்வி இயல்பானதே. ஆனால் அதற்கு விடைகளும் உள. இடைப்பட்ட 26 ஆண்டுகளில் வண்டியும் ரயரும் உடையும் திருந்தியுள்ளன. காற்றின் தடையைக் குறைக்கும் கலை வளர்ந்துள்ளது. ஓடும்போதே மணிக்கு 100 கிராமுக்கு மேல் மாச்சத்து உட்கொள்ளும் பழக்கம் வந்துள்ளது. உயர்ந்த மலைகளில் தங்கிப் பயிலும் முறை செம்மையடைந்துள்ளது. இவை முழு வேறுபாட்டையும் விளக்குமா என்பதில் அறிந்தோரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பொகச்சார் ஊக்கமருந்துக் குற்றத்துக்கு ஆளானவரல்லர்.

அயலவன் வயலில் விளைச்சல் இருமடங்கானால் அறிவுள்ள உழவன் அவனைத் திருடன் என்று கூவுவதில்லை. வாய்க்காலையும் எருவையும் விதையையும் சென்று பார்க்கின்றான். பார்க்க விடாது வேலி அடைத்தால் மட்டுமே அவன் மனத்தில் ஐயம் வலுக்கின்றது. சைக்கிளோட்ட அணிகள் அடைத்து வைத்திருக்கும் வேலிகளோ பல. 2024இல் பொகச்சாரின் அணிக்குத் தலைமை தாங்கியவர், 2008இல் தன் வீரர் மருந்துக் குற்றத்தில் அகப்பட்டதும் பிரான்சுச் சுற்றிலிருந்து விலகிய வேறோர் அணியின் முகாமையாளராக இருந்தவர். குருதியின் வலுவை அளப்பதற்குக் காபனோரொட்சைட்டு வாயுவைச் சுவாசிக்கும் முறையை முன்னணி அணிகள் சில கையாண்டமை 2024இல் பத்திரிகை மூலமே வெளியாயிற்று. அளப்பதற்கே அன்றி ஊக்கத்துக்கன்று என்றன அவ்வணிகள். அது அன்று தடைசெய்யப்பட்டதுமன்று. எனினும் 2025 பெப்ரவரியில் சர்வதேசச் சங்கம் வைத்திய நிலையங்களுக்குப் புறம்பே அதைத் தடைசெய்தது. தாமே முன்வந்து சொல்லியிருந்தால் ஐயத்துக்கு இடமேது?

ஐயமும் அநீதியாகலாம்

மறைப்பினால் நேர்மையாளனுக்கும் கேடே விளைகின்றது. பிரித்தானிய வீரர் கிறிஸ் புரூம் 2015ஆம் ஆண்டுப் போட்டியில் ஓடிக்கொண்டிருக்கையில் பார்வையாளர் ஒருவர் அவர் மீது சிறுநீரை வீசியதாக முறையிட்டார். 2017 செப்டெம்பரில் அவருடைய மாதிரியில் ஆஸ்துமா மருந்து வரம்புக்கு மேல் காணப்பட்டது. அச்செய்தி மூன்று மாதங்களின் பின்னர் பத்திரிகை வாயிலாக வெளியாகி, 2018 ஜூலையில் அவர் மீது குற்றமில்லை என முடிவாயிற்று. முடிவுக்கான காரணங்கள் முழுமையாக மக்கள் முன் வைக்கப்படாமையால் விடுதலை பெற்றும் அவர் விடுபடவில்லை. வண்டிக்குள் விசைப்பொறி ஒளித்து ஓடினார் எனச் சுவிற்சர்லாந்து வீரர் பபியான் கன்செலாரா 2010இல் தூற்றப்பட்டார். சான்று எதுவும் வெளிவரவில்லை. 2016 சனவரியில் பெல்சிய வீராங்கனை ஒருவரின் வண்டியில் மெய்யாகவே விசைப்பொறி கண்டெடுக்கப்பட்டபோது அவருக்கு ஆறாண்டுத் தடை விதிக்கப்பட்டது. முன்னையது வெறும் ஊர்ப்பேச்சு, பின்னையது சான்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடே நீதி.

குற்றம் செய்யாதவன் தான் செய்யவில்லை என்பதை எந்நாளும் நிறுவ இயலாது. ஆகவே அச்சுமையை வீரனின் தோளில் ஏற்றுவது முறையன்று. அது காவலரின் தோளில் இருக்க வேண்டிய சுமை. டென்மார்க்கு வீரர் யோனாஸ் விங்ககோர் 2023இல் பெருவெற்றி பெற்றபோது, கடந்த காலத்தை நோக்கின் மக்கள் ஐயுறுவது தகும் எனக் கூறினார். அம்மறுமொழியில் சினமில்லை, வழக்கு மிரட்டலுமில்லை. வென்றவர் யாவரும் பின்பற்றத்தக்க பண்பு அது.

நாம் வற்புறுத்துவன இவையே. முதலாவது, போட்டியால் வருவாய் பெறுவோர் கையிலிருந்து கண்காணிப்பு முற்றாக விலக வேண்டும். 2021 முதல் சர்வதேசப் பரிசோதனை முகவரகம் இப்பணியை ஏற்றிருப்பது நல்ல மாற்றமே. ஆயின் அதற்குரிய பணம் சங்கத்திடமிருந்தும் அணிகளிடமிருந்தும் போட்டி நடத்துவோரிடமிருந்தும் வருகின்றது என்பதை மறக்கலாகாது. இரண்டாவது, மாதிரிகளைப் பத்தாண்டு வைத்திருந்து மீளச் சோதிக்கும் விதி ஏட்டில் உறங்காமல் நடைமுறையில் வாழ வேண்டும். முடிவுகளும் வெளியாக வேண்டும். மூன்றாவது, கண்டதைக் கூறும் பணியாளனுக்கும் வீரனுக்கும் பத்திரிகையாளனுக்கும் பாதுகாப்பு வேண்டும். நான்காவது, ஒருவரைக் குற்றமற்றவரென விடுவிக்கும்போது அதன் காரணங்களை மக்கள் அறியச் செய்ய வேண்டும்.

ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழாண்டு வெற்றியை உலகம் நம்பியது குற்றமன்று. கேள்வி கேட்ட ஒரு சிலரை அந்நம்பிக்கையின் பெயரால் மிதித்ததே குற்றம். விளையாட்டிலாயினும் ஆட்சியிலாயினும், கேட்பவனைத் துரோகி என்னும் அமைப்புத் தன் தூய்மைக்குத் தானே எதிர்ச்சாட்சி கூறுகின்றது. இன்று மஞ்சட் சட்டை அணிந்திருப்பவர் நேர்மையாளரே ஆயின், அவருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி கண்மூடிப் போற்றுவதன்று. அவருடைய நேர்மையை உலகம் ஐயமற நம்பத்தக்க காவலைக் கோருவதேயாகும்.